பள்ளத்தில் தங்கும் உறைபனி: வெப்பமண்டல மலைத்தோட்டக்காரர் ஒருவருக்குப் பதில்

உதகைக்கு அருகே ஒரு பள்ளத்தாக்கின் அடியில் நிலம் வாங்கிப் பயிர் செய்பவர் ஒருவர் கேட்டிருக்கும் கேள்வியின் சாரம் இது. முதல் இரண்டு குளிர்காலங்களில் சேதமின்றித் தப்பிய பட்டர் புரூட் கன்றுகளும் பீன்ஸ் பாத்திகளும் மூன்றாம் ஆண்டு ஜனவரியில் ஒரே இரவில் கருகிவிட்டன. அன்றைய குறைந்தபட்ச வெப்பநிலை 3 டிகிரி என்றுதான் செய்தியில் சொன்னார்கள். சரிவில் சற்று மேலே இருக்கும் பக்கத்துத் தோட்டத்திலோ ஓர் இலைகூட வாடவில்லை. பூமி சூடாகிவரும் நிலையில் உறைபனி இனிக் குறையுமா, கருகி நிற்கும் கன்றுகளை என்ன செய்வது, பட்டர் புரூட்டை மறுபடி நடலாமா என்று கேட்கிறார்.

நடலாம், ஆனால் அதே இடத்தில் அல்ல. பூமி சூடாகிறது என்பதை நம்பி இடத்தைத் தேர்ந்தெடுக்கவும் வேண்டாம். காரணங்களைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். ஏனெனில் குளிர்நாடுகளில் எழுதப்பட்ட தோட்டக்கலை அறிவுரைகளில் பலவும் நம் மலைகளுக்கு அப்படியே பொருந்துவதில்லை.

முதலில் அந்த 3 டிகிரிக் கணக்கு. வானிலை நிலையத்தின் வெப்பமானி தரையிலிருந்து ஒன்றேகால் முதல் இரண்டு மீட்டர் உயரத்தில், காற்றோட்டமுள்ள வெள்ளைக் கூண்டுக்குள் இருக்கிறது. அது காட்டுவது காற்றின் வெப்பநிலையே தவிர, இலையின் வெப்பநிலை அல்ல. இலை இரவு முழுவதும் தன் வெப்பத்தை வானத்தை நோக்கிக் கதிர்வீச்சாக இழந்துகொண்டே இருக்கிறது. மேகம் இருந்தால் அந்த இழப்பில் பெரும்பகுதியைத் திருப்பித் தரும். காற்று வீசினால் மேலடுக்கின் வெப்பமான காற்று கீழே கலந்துகொண்டிருக்கும். காற்றில் ஈரம் மிகுந்திருந்தால் நீர்ப்பனி படியும்போது வெளிப்படும் வெப்பம் குளிர்ச்சியைத் தாமதப்படுத்தும். இந்த மூன்றும் இல்லாத தெளிந்த, அசைவற்ற, வறண்ட இரவில் புல்நுனியும் இலைப்பரப்பும் கூண்டுக்குள் உள்ள வெப்பமானியைவிட 3 முதல் 5 டிகிரி வரை கூடுதலாகக் குளிர்ந்துவிடும். ஆகவே செய்தியில் 3 டிகிரி என்றால் உங்கள் பீன்ஸ் இலையில் 0 டிகிரியோ அதற்குக் கீழோ இருந்திருக்கும். நிலையம் இருக்கும் இடம் உங்கள் பள்ளத்தைவிட உயரத்தில் இருந்தால் இன்னும் கீழே போயிருக்கும். வெண்மையாக எதுவும் படியாத இரவிலும் செடி கருகலாம் என்பதை இங்கேயே சொல்லிவிட வேண்டும். காற்று மிகவும் வறண்டிருந்தால் படிவதற்கு ஈரமே இருக்காது. ஆனால் இலைக்குள் இருக்கும் நீர் உறைந்து, மறுநாள் காலையில் இலை கறுத்துத் தொங்கும். காலையில் புல் வெளுக்கவில்லை என்பதை வைத்துப் பனி விழவில்லை என்று முடிவு செய்பவர்கள் ஏமாறுவது இப்படித்தான்.

செடியினுள் நீர் சரியாக 0 டிகிரியில் உறைந்துவிடுவதில்லை. தூய நீர் அதற்குக் கீழேயும் பல டிகிரி வரை திரவமாகவே இருக்க வல்லது. உறைதல் தொடங்க ஒரு கரு வேண்டும். இலைப்பரப்பில் வாழும் சூடோமோனாஸ் சிரிஞ்சே போன்ற சில பாக்டீரியாக்களின் புரதங்கள் அப்படிப்பட்ட கருவாக அமைந்து, மைனஸ் 2 டிகிரி அளவிலேயே உறைதலைத் தொடங்கி வைக்கின்றன. பெரும்பாலும் பனிப்படிகம் முதலில் செல்களுக்கு இடையிலுள்ள வெளியில் உருவாகி, செல்லுக்குள் இருக்கும் நீரை வெளியே இழுக்கிறது. செல் வறண்டு, அதன் சவ்வு சிதைகிறது. கருகிய இலை முதலில் நீரில் ஊறியதுபோல் கரும்பச்சையாகத் தெரிந்து, வெயில் ஏறிய பிறகு பழுப்பாவதற்குக் காரணம் இதுவே. பீன்ஸ் 0 டிகிரியை ஒட்டியே சாகும். உருளைக்கிழங்கின் இலை மைனஸ் 1, மைனஸ் 2 டிகிரியில் கருகும். முட்டைக்கோஸும் கேரட்டும் அதைவிடக் கடுங்குளிரையும் தாங்கும். பட்டர் புரூட்டில் மேற்கிந்திய இனம் மிகவும் மென்மையானது, குவாத்தமாலா இனம் நடுத்தரமானது, மெக்சிகோ இனம் மூன்றிலும் வலியது. நாற்றங்காலில் விற்கும் கன்று எந்த இனம் என்று கேட்டு வாங்குவோர் நம்மிடையே குறைவு. கேட்டாலும் பல இடங்களில் விடை கிடைப்பதில்லை என்பது வேறு விஷயம்.

இனி, பக்கத்துத் தோட்டம் ஏன் தப்பியது என்பதைப் பார்ப்போம். பகலில் உயரம் கூடக் கூட வெப்பம் குறையும் என்பது பழகிய கணக்கு. தெளிந்த இரவில் அது தலைகீழாகிவிடும். குளிர்ந்த காற்று கனமானது. அது நீரைப் போலவே சரிவில் மெல்ல வழிந்து, தாழ்ந்த இடத்தில் குளம்போல் தேங்குகிறது. பள்ளத்தின் அடி மிகவும் குளிர்ந்திருக்க, சரிவின் நடுப்பகுதியில் ஒரு வெப்பப் பட்டை உண்டாகிறது. இரண்டுக்கும் இடையில் சில டிகிரி வேறுபாடு இருப்பது சாதாரணம். தலைகுந்தா, காந்தல் போன்ற தாழ்வான பகுதிகளில் புல்வெளி வெண்கம்பளமாகக் காட்சி தரும் அதே காலையில் மேட்டு நிலங்கள் வெறும் நீர்ப்பனியோடு தப்பிவிடுவது நீலகிரியில் ஆண்டுதோறும் காணும் காட்சி. ஆகவே ஊரின் உயரத்தையும் ஊரின் வெப்பநிலையையும் விட, உங்கள் நிலத்துக்குள்ளேயே எந்த மூலையில் குளிர் தேங்குகிறது என்பதுதான் முக்கியம். கீழ்ப்பக்க எல்லையில் அடர்ந்த வேலியோ மதிலோ இருந்தால் அது குளிர்காற்றை உள்ளேயே அணைகட்டி நிறுத்திவிடும்; அங்கே இரண்டு மூன்று இடங்களில் திறப்பு விடுவது செலவில்லாத பாதுகாப்பு. மேல்பக்க எல்லையில் உள்ள வேலியோ நன்மை செய்யும். வழிந்து வரும் குளிர்காற்றை அது பக்கவாட்டில் திருப்பிவிடும்.

இதை அளந்து பார்ப்பது எளிது. இரவின் குறைந்தபட்ச அளவைப் பதிவுசெய்யும் வெப்பமானிகள் இரண்டு வாங்குங்கள். ஒன்றை நிலத்தின் மிகத் தாழ்ந்த மூலையில் புல்லின் உயரத்தில் மறைப்பின்றி வையுங்கள். மற்றொன்றை நடுச்சரிவில் அதே உயரத்தில் வையுங்கள். டிசம்பரிலும் ஜனவரியிலும் தெளிந்த இரவுகளில் இரண்டும் காட்டும் அளவுகளைக் குறித்துக்கொண்டால், வானிலைச் செய்தியில் வரும் எண்ணிலிருந்து உங்கள் மூலைக்கு எவ்வளவு கழிக்க வேண்டும் என்பது ஒரே பருவத்தில் தெரிந்துவிடும். அந்தக் கழிவு ஆண்டுதோறும் பெரிதாக மாறுவதில்லை, ஏனெனில் அதைத் தீர்மானிப்பது உங்கள் நிலத்தின் அமைப்பு.

மாறுவது இரவுகளின் தன்மை. முதல் இரண்டு ஆண்டுகள் ஏன் தப்பின என்பதற்கான விடையும் இங்கேதான் இருக்கிறது. நீலகிரியில் உறைபனிக் காலம் பொதுவாக நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை என்றாலும், அதன் தொடக்கத்தை உண்மையில் தீர்மானிப்பது வடகிழக்குப் பருவமழை. மழை டிசம்பர் வரை நீண்டு, வங்கக்கடலில் அடுத்தடுத்துத் தாழ்வுநிலைகள் உருவாகி மலைமேல் மேகம் மூடிக்கொண்டே இருந்தால், உறைபனி ஜனவரிக்குத் தள்ளிப்போகும். சில ஆண்டுகளில் பெயருக்கு ஓரிரு நாள் மட்டுமே விழும். மழை சீக்கிரமே ஓய்ந்து, வறண்ட காற்றும் நிர்மலமான வானமும் தொடர்ந்தால் டிசம்பரிலேயே அடுத்தடுத்த இரவுகள் உறையும். மண் வறண்டிருந்தால் சேதம் இன்னும் கூடும். ஈரமண் பகலில் வாங்கிய வெப்பத்தைச் சேமித்து இரவில் மேலே அனுப்பும், வறண்ட மண்ணால் அது முடியாது. சராசரி வெப்பநிலையில் ஏறத்தாழ ஒன்றுபோலவே இருக்கும் இரண்டு ஆண்டுகளில் ஒன்று தோட்டத்தைக் காப்பாற்றும், மற்றொன்று கருக்கிவிடும்.

வெப்பமண்டலச் செடியின் பலவீனம் ஒன்றையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். குளிர்நாட்டு ஆப்பிள் மரம் இலையுதிர்காலத்தில் பகல் நீளம் குறைவதையும் வெப்பம் படிப்படியாகத் தணிவதையும் உணர்ந்து, வளர்ச்சியை நிறுத்தி, செல்களைக் குளிருக்குப் பதப்படுத்திக்கொள்கிறது. உதகை இருப்பதோ ஏறத்தாழ 11 டிகிரி வட அட்சத்தில். இங்கே ஆண்டின் மிகக் குறுகிய பகல்கூட பதினொன்றரை மணி நேரம் நீள்கிறது. ஜனவரியின் தெளிந்த நாளில் பகல் வெப்பம் 20 டிகிரியைத் தொடும். குளிர்காலம் வந்துவிட்டது என்று செடிக்கு அறிவிக்க எதுவும் இல்லை. அது தளிர்விட்டுக்கொண்டே இருக்கும். அந்தத் தளிரின் மேல்தான் பனி இறங்கும். ஆகவே எத்தனை டிகிரி இறங்கியது என்பதோடு, அதற்கு முந்தைய இரண்டு மூன்று வாரங்கள் எவ்வளவு இளஞ்சூடாக இருந்தன என்பதும் சேதத்தைத் தீர்மானிக்கிறது.

இதற்கு மிகக் கொடிய எடுத்துக்காட்டு நம் மலையில் அல்ல, அமெரிக்காவின் புளோரிடாவில் இருக்கிறது. 1894 டிசம்பர் 29ஆம் தேதியை ஒட்டி வந்த கடுங்குளிரில் அங்குள்ள ஆரஞ்சுத் தோட்டங்கள் பழங்களையும் இலைகளையும் இழந்தன. மரங்கள் பெரும்பாலும் பிழைத்துவிட்டன. அதன்பின் ஜனவரி இளஞ்சூடாக அமைந்ததால் மரங்களில் சாறு ஏறிப் புதுத்தளிர் விட்டது. 1895 பிப்ரவரி 7, 8 தேதிகளில் இரண்டாம் குளிர் வந்தபோது அந்த மரங்கள் அடியோடு பட்டுப்போயின. இரண்டாவது அலை முதலாவதைவிட அதிகம் அழித்ததற்குக் காரணம் இடையில் வந்த நல்ல வானிலைதான். அதன் பிறகு ஆரஞ்சுச் சாகுபடி தெற்கு நோக்கி நகரத் தொடங்கியது. 1983, 1985, 1989 ஆண்டுகளின் குளிர் அலைகள் அதை இன்னும் தெற்கே தள்ளின. பிரேசிலின் பரானா மாநிலத்தில் 1975 ஜூலையில் விழுந்த பனியைக் கருப்பு உறைபனி என்றே அங்கு அழைக்கிறார்கள். நாட்டிலேயே முதன்மையான காபி மாநிலமாக இருந்த பரானாவில் மறு ஆண்டு அறுவடை ஏறக்குறைய இல்லாமலே போனது, உலகச் சந்தையில் காபி விலை பல மடங்கு ஏறியது. தோட்டங்கள் இருந்த இடம் அதற்கு முந்தைய பல ஆண்டுகளின் சராசரியைப் பார்த்தால் காபிக்குப் பொருத்தமானதுதான்.

இதனால்தான் பூமி சூடாவதை நம்ப வேண்டாம் என்றேன். சராசரி இரவு வெப்பநிலை உயர்வதும், பல இடங்களில் உறைபனி நாட்களின் எண்ணிக்கை குறைவதும் உண்மையே. ஆனால் ஒரு பல்லாண்டு மரத்துக்கு உறைபனி நாட்கள் பத்திலிருந்து மூன்றாகக் குறைந்ததால் பயனில்லை. அந்த மூன்றில் ஒன்று கடுமையாக இருந்தால் போதும். மண்ணும் காற்றும் சூடாக இருப்பதால் செடி முன்னதாகவே தளிர்க்குமானால், மிதமான பனிகூடப் பழைய கடும்பனியின் சேதத்தைச் செய்யும். 2021ஆம் ஆண்டு இதற்குச் சான்று. அந்தப் பிப்ரவரியில் டெக்சாஸின் தென்கோடியிலுள்ள ரியோ கிராண்டே பள்ளத்தாக்கின் எலுமிச்சை, ஆரஞ்சுத் தோட்டங்கள் உறைந்தன. அதே ஆண்டு ஜூலையில் பிரேசிலின் மினாஸ் ஜெராயிஸ் காபித் தோட்டங்கள் கருகின. நமக்கு அருகே மூணாற்றிலும் 2019 ஜனவரியில் தொடர்ந்து விழுந்த உறைபனியில் தேயிலைத் தோட்டங்கள் பெருமளவு கருகின. இவை எல்லாம் உலகம் ஏற்கெனவே கணிசமாகச் சூடான பிறகு நடந்தவை. எந்த இடத்தில் எந்தச் செடி குளிரைத் தாங்கும் என்று காட்ட அமெரிக்க வேளாண் துறை வெளியிடும் குளிர்தாங்கு மண்டல வரைபடத்தையும் இந்த எச்சரிக்கையோடு படிக்க வேண்டும். 2023இல் வெளியான பதிப்பு 1991 முதல் 2020 வரையிலான முப்பது ஆண்டுகளில், ஒவ்வோர் ஆண்டின் மிகக் குளிர்ந்த இரவை எடுத்துச் சராசரி கண்டது. சராசரி என்பதால் ஏறத்தாழ பாதி ஆண்டுகளில் குளிர் அதற்கும் கீழே போயிருக்கும். கன்று விற்பவர்கள் இணையத்தில் காட்டும் மண்டல எண்ணை உத்தரவாதமாக எடுத்துக்கொள்வதில் உள்ள ஆபத்து இது.

பாதுகாப்பு முறைகளில் முதலிடம் மண்ணுக்கு. பனி எதிர்பார்க்கும் இரவுக்கு முந்தைய ஓரிரு நாட்களில் மேல்மண் ஈரமாக, இறுகலாக, களையின்றி இருக்கட்டும். கொத்திவிட்ட மண்ணில் காற்றறைகள் நிறைந்திருப்பதால் அடிமண்ணின் வெப்பம் மேலே வராது. மண்மேல் இலைதழைகளைப் பரப்பும் தடித்த மூடாக்கும் அதே தீங்கைச் செய்கிறது. மூடாக்கு வேரைக் காக்கும், ஆனால் மேலே இருக்கும் இலைக்குக் கேடு. இயற்கை வேளாண்மையில் மூடாக்கை வேதமாகக் கொண்டவர்களுக்கு இது கசக்கலாம்; உறைபனிக் காலத்தில் இளங்கன்றைச் சுற்றியுள்ள இலைதழைகளை ஒதுக்கிவிட்டு மண்ணை வெயில் காணச் செய்வதே சரி.

அடுத்தது மூடுதல். உதகை தாவரவியல் பூங்காவில் மலர்ச்செடிகளின் மேல் கோத்தகிரி மிலார் செடியின் கிளைகளைப் பரப்பி மறைப்பதைக் குளிர்காலத்தில் சென்றவர்கள் பார்த்திருப்பார்கள். தேயிலை நாற்றுகளையும் இளஞ்செடிகளையும் தழை கொண்டு மூடும் வழக்கமும் மலையில் உண்டு. இலை நேரடியாக வானத்தைப் பார்க்காமல் தடுப்பதுதான் இவற்றின் வேலை. அதற்கு மெல்லிய தழையே பெரிதும் உதவும். பிளாஸ்டிக் தாளாக இருந்தால் அது இலையைத் தொடக் கூடாது, தொட்ட இடமெல்லாம் கருகும். குச்சிகளை நட்டு அவற்றின் மேல் விரியுங்கள். பலர் செய்யும் தவறு, துணியைச் செடியின் மேல் போர்த்தி அடித்தண்டில் கயிறு கட்டுவது. வெப்பம் வருவது மண்ணிலிருந்து. ஆகவே மூடுபொருள் தரை வரை இறங்கி அகன்று நிற்க வேண்டும். காலையில் வெயில் ஏறியதும் எடுத்துவிட வேண்டும். எடுக்காவிட்டால் மண் மறுநாள் இரவுக்கான வெப்பத்தைச் சேர்க்காது.

பெரிய மரங்களின் நிழலும் ஒரு மூடுதான். தேயிலைக்கு இடையே சில்வர் ஓக் வைத்திருப்பது வெயிலுக்காக மட்டுமல்ல. மேல்மலைப் புல்வெளியில் சோலை மரக்கன்றுகள் எளிதில் வேரூன்றாததற்கு உறைபனியை ஒரு முக்கியக் காரணமாகச் சூழலியலாளர்கள் நெடுங்காலமாகச் சொல்லிவருகிறார்கள். சோலையின் விதானத்துக்குள் அதே கன்று வளர்ந்துவிடுகிறது. உங்கள் பட்டர் புரூட் கன்றுகளுக்குக் கிழக்கே ஒரு வரிசை மரம் இருந்தால், உறைந்த இலையின் மேல் காலை வெயில் உடனே சுள்ளென்று விழாமலும் இருக்கும்.

செடிகளின் மேல் இரவு முழுதும் தண்ணீர் தெளிக்கும் ஸ்பிரிங்ளர் முறை பயன் தரும், ஆனால் அரைகுறையாகச் செய்தால் கெடுதல். ஒரு லிட்டர் நீர் உறையும்போது ஏறத்தாழ 80 கிலோ கலோரி வெப்பத்தை வெளியிடுகிறது. அதே ஒரு லிட்டர் ஆவியாகும்போது ஏறத்தாழ 600 கிலோ கலோரியை உறிஞ்சிக்கொள்கிறது. ஒரு லிட்டர் ஆவியானால், அதை ஈடுகட்டவே ஏழெட்டு லிட்டர் உறைய வேண்டும். வறண்ட காற்று வீசும் இரவில் தொடங்கினாலோ, தண்ணீர் நடுவில் தீர்ந்து மூன்று மணிக்கு மோட்டார் நின்றாலோ, நனைந்த செடி நனையாத செடியைவிட அதிகமாகக் கருகும். வெப்பநிலை 0 டிகிரியைத் தொடுவதற்கு முன்பே தொடங்கி, காலையில் பனிக்கட்டி தானாக உருகி உதிரும் வரை இடைவிடாமல் ஓட வேண்டும். அவ்வளவு தண்ணீரும் மின்சாரமும் உறுதியாக இல்லையென்றால் இரவில் இதைத் தொடங்காதீர்கள். விடியற்காலையில் வெயில் படுமுன் இலைமேல் உள்ள வெண்பனியைத் தண்ணீரால் கழுவிவிடுவது வேறு வேலை. லேசான பனியில் அது உதவும், திசு உறைந்துபோன இலையை அது மீட்காது. புகை மூட்டம் போடுவதில் பலனில்லை. புகைத்துகள்கள் மிக நுண்ணியவை என்பதால் நிலத்திலிருந்து செல்லும் நீண்ட அலைக் கதிர்களை அவை தடுப்பதில்லை. நெருப்பின் சூடு சிறிது உதவினாலும், புகை ஊரின் மூச்சைத்தான் அடைக்கும்.

ஒட்டுக்கன்றுகளுக்கு மண் அணைப்பது மிக மலிவான காப்பீடு. நவம்பர் இறுதியில் ஒட்டுப்பகுதிக்கு ஒரு சாண் மேல் வரை சுத்தமான மண்ணைக் கூம்பாகக் குவித்துவிட்டு, பிப்ரவரி முடிந்ததும் அகற்றிவிட வேண்டும். மேலே கிளைகள் முழுதும் கருகினாலும், மண்ணுக்குள் இருந்த ஒட்டுக்கு மேற்பட்ட மொட்டிலிருந்து நல்ல இனமே துளிர்க்கும்; மண் இல்லாவிட்டால் ஒட்டுக்குக் கீழே உள்ள வேர்ச்செடியின் காட்டுக்கிளைதான் மிஞ்சும். புளோரிடாவின் ஆரஞ்சுக்காரர்கள் தலைமுறை தலைமுறையாகக் கையாண்ட முறை இது.

பள்ளத்தின் அடிநிலத்தை வீணாக விட வேண்டியதில்லை. அங்கே காலக்கணக்குப் பார்த்துக் காய்கறி செய்யலாம். ஆகஸ்டில் நடும் கடைபோக உருளைக்கிழங்கு கடும்பனிக்கு முன் முதிர்ந்துவிடும். செப்டம்பர் கடைசி வரை தள்ளிப்போட்டவர்தான் மாட்டிக்கொள்வார். ஜனவரியில் நடும் நீர்போகப் பயிர் முளைத்து மேலே வரும்போது பருவத்தின் கடைசிப் பனிகள் இருக்கக்கூடும் என்பதால், தாழ்ந்த பாத்திகளில் மட்டும் இரண்டு வாரம் தாமதிப்பது நல்லது. பீன்ஸை மார்ச்சுக்கு முன் அங்கே கொண்டுபோக வேண்டாம். குளிர்காலத்தில் கேரட், முட்டைக்கோஸ், பூண்டு போதும். பிளம்ஸ், பேரி போன்ற மரங்களுக்கு 7 டிகிரிக்குக் கீழான மணிநேரங்கள் குறிப்பிட்ட அளவு தேவைப்படுவதால், குளிர்தேங்கும் இடம் அவற்றுக்கு ஒருவகையில் நன்மையே. இளஞ்சூடான குளிர்காலங்களில் பூப்பு சீரற்றுப்போவதை அங்கே ஓரளவு தவிர்க்கலாம். ஆனால் முன்கூட்டியே பூக்கும் பீச் வேண்டாம். மொட்டு விரிந்துவிட்டால் அதே குளிர் அதற்குப் பகை. பட்டர் புரூட்டுக்கு உரிய இடம் நடுச்சரிவு, கூடுமானால் மெக்சிகோ இனத்தின் கலப்புள்ள ஒட்டு. அக்டோபருக்குப் பிறகு யூரியா இட வேண்டாம், கவாத்தும் வேண்டாம். இரண்டும் பனிக்குத் தளிர் விருந்து வைப்பதற்குச் சமம்.

கருகி நிற்கும் கன்றுகளைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். இப்போது அரிவாளைத் தொடாதீர்கள். கருகிய இலையும் சிறுகிளையும் பார்வைக்கு அசிங்கமாக இருந்தாலும், அடுத்து வரும் பனியை உட்கிளைகளின் மேல் இறங்கவிடாமல் அவை தடுக்கும். தவிர, எதுவரை உயிர் இருக்கிறது என்பது மார்ச், ஏப்ரலில் புதுத்துளிர் விடும்போதுதான் தெரியும். நகத்தால் பட்டையைச் சுரண்டினால் பச்சை தெரியும் இடம் உயிரோடு இருக்கிறது. ஆனால் ஜனவரியில் பச்சையாக இருந்த பட்டை சில வாரங்களில் காய்ந்துவருவதும் உண்டு, ஆகவே ஒருமுறை பார்த்து முடிவு செய்ய வேண்டாம். இலை இல்லாத மரம் தண்ணீரைக் குறைவாகவே குடிக்கும் என்பதால் வழக்கமான அளவில் பாதி பாய்ச்சுங்கள். துளிர் ஒரு விரல் நீளம் வளர்ந்த பிறகு, உயிருள்ள பகுதியில் வெட்டி, வெயில் சுடாதபடி தண்டுக்குச் சுண்ணாம்பு பூசுங்கள். துளிர் ஒட்டுக்குக் கீழிருந்து மட்டும் வந்திருந்தால் அந்தக் கன்றைப் பிடுங்கிவிட்டு, புதிய கன்றை மேலே நடுங்கள்.